சபையில் கணினி எதிராளிகள் ஏன் இப்படி வாக்களிக்கின்றன? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பரந்தனில் ஒரு சனசமூக நிலையத்தின் பின்னறையில் ஐந்து பிள்ளைகளும் நானும் சேர்ந்து ஒரு விண்வெளி வியூக விளையாட்டை எழுதிவருகிறோம். எங்களிடம் இருப்பவை மூன்று பழைய மடிக்கணினிகள், பைத்தன் என்ற நிரல் மொழி, சனிக்கிழமைப் பிற்பகல்கள். விளையாட்டில் ஐந்து பேரரசுகள். பெயர் வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டேன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று வைத்தார்கள். மனிதர் ஆடுவது மருதம். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறெதைத் தமக்கென எடுப்பார்கள்? மற்ற நான்கையும் கணினி ஆட்டுகிறது.

இருபது சுற்றுக்கு ஒருமுறை சபை கூடும். ஒரு பேரரசு பிரேரணை கொண்டுவரும். மற்றவை ஆதரிக்கும், எதிர்க்கும், அல்லது வாக்களிக்காமல் விடும். விளையாட்டின் மற்ற எல்லாப் பகுதிகளையும் சேர்த்தாலும் இந்தச் சபை அளவுக்கு எங்களுக்குத் தொல்லை தரவில்லை. போரில் கணினி எதிராளி பிழை விட்டால் ஆடுபவர் அதைப் பலவீனம் என்று எண்ணிக் கடந்துபோவார். சபையில் ஒரேயொரு வாக்கு பொருத்தமில்லாமல் விழுந்தாலும், எதிரே ஒருவர் இருந்து யோசிக்கிறார் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும். அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் செலவழித்தோம். நாங்கள் கண்ட பிழைகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதுகிறேன். சொந்தமாக விளையாட்டு எழுதுபவர்களுக்கு இது நேரடியாக உதவும். விளையாடுபவர்களுக்கும், எதிராளி ஏன் கைவிட்டது என்று புரிந்துகொள்ள உதவும்.

எதையும் தொடுமுன்: காரணச் சீட்டு

வாக்கு என்பது கணினிக்கு ஒரு கூட்டுத்தொகை. சில எண்களைக் கூட்டுகிறது. விடை ஓர் எல்லையைத் தாண்டினால் ஆதரவு, கீழே போனால் எதிர்ப்பு, இடையில் நின்றால் வாக்களிக்காமை. ஆகவே ஒரு வாக்கு பிழையாகத் தெரிந்தால் நிரலைத் திருத்தப் பாயாதீர்கள். எந்த எண் அந்த வாக்கைத் தந்தது என்று முதலில் பாருங்கள். அதற்கு ஒவ்வொரு வாக்கும் தன் கணக்கை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் காரணச் சீட்டு. ஒன்று இப்படி இருக்கும் (குணம் என்பது அந்தப் பேரரசின் இயல்பான போக்கு, கடப்பாடு என்பது பெற்ற உதவிக்குக் கைமாறு):

சுற்று 60. பிரேரணை: வணிகப் பாதைகளை எல்லோருக்கும் திறத்தல். முன்மொழிந்தது: நெய்தல். வாக்களிப்பது: பாலை.
சொந்த நலன் +14
முன்மொழிந்தவருடனான உறவு −6
குணம் +3
அச்சம் 0
கடப்பாடு +5
மொத்தம் +16. ஆதரவு எல்லை +10. வாக்கு: ஆதரவு.

பாலைக்கு நெய்தலைப் பிடிக்காது. ஆனாலும் இந்தத் திட்டத்தில் அதற்கு வருமானம் இருக்கிறது. முன்பு பெற்ற ஓர் உதவிக்குக் கைமாறும் இருக்கிறது. அதனால் ஆதரித்தது. இந்தச் சீட்டு இல்லாமல் கீழே உள்ள எந்தப் பிழையையும் எங்களால் பிடித்திருக்க முடியாது. முதல் இரண்டு மாதமும் இது இல்லாமல்தான் வேலை செய்தோம். அந்த இரண்டு மாதத்தில் ஒரு பிழையைக்கூட உறுதியாகத் தீர்க்கவில்லை.

அறிகுறி: பிரேரணை எதுவானாலும் நண்பனுக்கு ஆதரவு, பகைவனுக்கு எதிர்ப்பு

மிகப் பரவலான பிழை இதுவே. சீட்டைத் திறந்து எண்களின் பருமனைப் பாருங்கள். எங்களிடம் சொந்த நலன் 0 முதல் 1 வரையும், உறவு −100 முதல் +100 வரையும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் வெவ்வேறு பிள்ளைகள் வெவ்வேறு வாரங்களில் எழுதியிருந்தார்கள். நலனுக்கு 0.5, உறவுக்கு 0.25 என்று எடை கொடுத்திருந்ததால் நலனே மேலோங்கும் என்று நம்பியிருந்தோம். கணக்கைப் பாருங்கள்: நலன் 0.4 என்றால் பங்களிப்பு 0.2. உறவு −35 என்றால் பங்களிப்பு −8.75. நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். எடைகள் காகிதத்தில் மட்டும் இருந்தன.

திருத்தம் எளிது: எல்லாக் கூறுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகே எடையால் பெருக்குங்கள். நாங்கள் எல்லாவற்றையும் −100 முதல் +100 வரை வைத்தோம். அதே நலன் இப்போது 40, பங்களிப்பு 20. உறவின் −8.75 ஐக் கழித்தால் +11.25. எல்லை 10. அதே பேரரசு, அதே பகை, ஆனால் வாக்கு ஆதரவாக மாறிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் ஊரில் உண்மையான சபை எப்படி நடக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் அந்த ஆண்டின் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கமக்காரர், சொந்த மச்சான் முன்மொழிந்தார் என்பதற்காக மட்டும் தன் வயலுக்குத் தண்ணீர் வராத திட்டத்துக்குக் கை உயர்த்த மாட்டார். உறவு சற்றுத் தள்ளும், சற்று இழுக்கும். தண்ணீரை மறக்கச் செய்யாது. கணினி எதிராளியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நலனை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரேரணைக்கு "நல்லது 5, கெட்டது 2" என்று நீங்களே ஓர் எண் எழுதிவைத்தால் அது எல்லாப் பேரரசுக்கும் ஒன்றாகிவிடும். அப்படிச் செய்யாதீர்கள். விளையாட்டு நிலையின் ஒரு பிரதியை எடுத்து, பிரேரணை நிறைவேறினால் அந்தப் பேரரசின் வருமானம் எவ்வளவு, நிறைவேறாவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் கணக்கிட்டு வித்தியாசத்தை எடுங்கள். ஐந்து பேரரசுக்கு இது பழைய மடிக்கணினியிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

அறிகுறி: எல்லோரும் எல்லாவற்றையும் ஆதரிக்கிறார்கள்

முதலில் எல்லையைப் பாருங்கள். 0 என்று இருந்தால் சிறு நன்மைகூட ஆதரவாகிவிடும். எங்கள் பிழை அங்கே இருக்கவில்லை. எங்கள் பிரேரணைகள் எல்லாமே எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் தந்தன. யாரும் தோற்காத பிரேரணையை யார் எதிர்ப்பார்?

இங்கே தேவைப்படுவது ஒப்பீட்டு நன்மை. வணிகப் பாதை ஒவ்வொன்றுக்கும் 3 அலகு தரும் பிரேரணை என்று வையுங்கள். பாலைக்கு 2 பாதைகள். 6 அலகு கிடைக்கும். மருதத்துக்கு 9 பாதைகள். 27 அலகு கிடைக்கும். தன் பையை மட்டும் பார்த்தால் பாலை மகிழ்ச்சியோடு ஆதரிக்கும். இருபது சுற்றில் மருதம் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடும். ஆகவே தன் நன்மையிலிருந்து, முன்னணியில் இருப்பவரின் நன்மையில் ஒரு பங்கைக் கழியுங்கள். 0.3 என்று எடுத்தால் 6 − 8.1 = −2.1. இப்போது பாலைக்கு எதிர்க்க ஒரு காரணம் இருக்கிறது. 1999 இல் வந்த அல்பா சென்டோரி விளையாட்டின் கோள் சபையிலும் உலக வணிக ஒப்பந்தம் என்றொரு பிரேரணை உண்டு. அது நிறைவேறினால் எல்லோருடைய வணிக வருமானமும் இரட்டிப்பாகும். எல்லோருக்கும் நன்மை என்று ஓடிப்போய் வாக்களிப்பவர், யாரிடம் அதிக உடன்படிக்கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்காதவர்.

0.3 என்ற அந்த எண்ணை எல்லா நேரமும் ஒரே அளவில் வைக்க வேண்டாம். ஆட்டத் தொடக்கத்தில் 0.1 போதும். யாராவது வெற்றியை நெருங்கும்போது 0.6 வரை உயரட்டும்.

அறிகுறி: எவ்வளவு பரிசு கொடுத்தாலும் நண்பன் என் பிரேரணையை மதிப்பதில்லை

இதை நாங்கள் பிடித்த நாளை மறக்க மாட்டேன். உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை மருதத்தை ஆடிக்கொண்டிருந்தாள். பாலைக்கு எட்டு முறை பரிசு அனுப்பியிருந்தாள். திரையில் உறவு +72 என்று பச்சை நிறத்தில் நின்றது. சபையில் பிரேரணை வைத்தாள், பாலை எதிர்த்தது. மீண்டும் பரிசு, மீண்டும் எதிர்ப்பு. "அக்கா, இது என்னை ஏமாற்றுகிறது" என்றாள். குரலில் உண்மையான கோபம் இருந்தது.

"பிள்ளை, முதலில் சீட்டைத் திறவுங்கள்" என்றேன்.

சீட்டில் உறவு வரியில் 0 என்று இருந்தது. குறைவாகவோ எதிர்மறையாகவோ இல்லை, சுத்தமான 0. அந்தச் சுத்தம்தான் காட்டிக்கொடுத்தது. எட்டுப் பரிசுக்குப் பிறகு ஓர் எண் தற்செயலாகச் சரியாக 0 இல் நிற்காது. எங்கள் உறவு அட்டவணையில் கிடை வரிசை என்பது யார் எண்ணுகிறார், நெடு வரிசை என்பது யாரைப் பற்றி. பாலை மருதத்தைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பது பாலையின் கிடை வரிசையில், மருதத்தின் நெடு வரிசையில் இருக்கும். வாக்கைக் கணக்கிடும் செயற்கூறு (ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டு) இரண்டையும் இடம் மாற்றி, மருதம் பாலையைப் பற்றி என்ன எண்ணுகிறது என்று வாசித்துக்கொண்டிருந்தது. மருதத்தை ஆடுவது மனிதர். மனிதரின் எண்ணத்தை விளையாட்டு கணக்கிடுவதே இல்லை; அந்தக் கிடை வரிசை முழுவதும் தொடக்கத்திலிருந்தே 0. கணினிப் பேரரசுகள் தமக்குள் பெரும்பாலும் ஒரே அளவு உறவு வைத்திருந்ததால் அங்கே பிழை தெரியவில்லை. மனிதர் முன்மொழிந்தபோது மட்டும் நட்பு காற்றில் கரைந்தது.

இதற்கு ஒரு சோதனையை நிரந்தரமாக வைத்திருங்கள். பாலை மருதத்தைப் பற்றி +80, மருதம் பாலையைப் பற்றி −80 என்று வேண்டுமென்றே கோணலாக வைத்து, மருதத்தின் பிரேரணைக்குப் பாலையின் சீட்டை எழுதச் சொல்லுங்கள். உறவு வரி நேர் எண்ணாக (+) வந்தால் சரி; எதிர்மறையாக வந்தால் இடம் மாறியிருக்கிறது. இரு பக்கமும் சமமான எண்களோடு செய்யும் சோதனை இந்தப் பிழையை ஒருபோதும் காட்டாது.

அறிகுறி: நான் வளர வளரப் பழைய நண்பர்களும் எதிர்க்கிறார்கள்

இது பெரும்பாலும் பிழை அல்ல. சீட்டில் அச்சம் என்ற வரியைப் பாருங்கள். 1993 இல் வந்த மாஸ்டர் ஒஃப் ஓரியன் விளையாட்டில், விண்மீன் மண்டலத்தின் பெரும்பகுதி குடியேற்றப்பட்டதும் உயர் சபை கூடும். வாக்குகள் மக்கள்தொகைக்கேற்ப. முதல் இரண்டு பெரும் பேரரசுகளே வேட்பாளர்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கைப் பெற்றவர் ஆட்டத்தை வெல்வார். அங்கே ஒரு வாக்கு என்பது ஆட்டத்தையே கையில் கொடுப்பது. அப்படியான சபையில் வளர்ந்துவரும் நண்பனைப் பார்த்துப் பின்வாங்காத எதிராளியைத்தான் பிழை என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அச்சம் எந்த நேரமும் எதிர்ப்பாகவே மாறுகிறதா என்பது. பலவீனமான அயலவர் அச்சத்தால் ஆதரிக்கவும் கூடும். எல்லையில் கப்பற்படை நிற்கும்போது எதிர்த்து வாக்களிக்கத் துணிவு வேண்டும். நாங்கள் அதைக் குணத்தோடு இணைத்தோம்: குறிஞ்சி அச்சத்தில் எதிர்க்கும், முல்லை அச்சத்தில் பணியும். இரண்டு வரி நிரல்தான்; சபைக்கு உயிர் வந்துவிட்டது.

அறிகுறி: தான் கொண்டுவந்த பிரேரணையைத் தானே எதிர்க்கிறது

பார்ப்பவர் சிரிப்பார், எழுதியவருக்கு மனம் சுருங்கும். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிரேரணையைத் தெரிவுசெய்ய ஒரு செயற்கூறும் வாக்களிக்க இன்னொரு செயற்கூறும் வைத்திருப்பது. இரண்டும் வெவ்வேறு கையால் எழுதப்பட்டு, வெவ்வேறு விடை சொல்லும். ஒரே மதிப்பீட்டுச் செயற்கூறையே இரண்டு இடத்திலும் அழையுங்கள். மற்றது, காலம். பிரேரணை வரிசையில் காத்திருக்கும்போது உலகம் மாறிவிடுகிறது. ஸ்டெலாரிஸ் விளையாட்டின் விண்மீன் மண்டலச் சமூகத்திலும் பிரேரணைகள் வரிசையில் நின்று தம் முறை வந்த பிறகே வாக்கெடுப்புக்குப் போகும். நெய்தல் 40 ஆம் சுற்றில் படைக்குறைப்பைக் கேட்டது; 52 ஆம் சுற்றில் குறிஞ்சி அதன்மேல் போர் தொடுத்தது; 60 இல் வாக்கெடுப்பு. நெய்தல் இப்போது படைக்குறைப்பை எதிர்ப்பது நியாயமே. முறையான தீர்வு, முன்மொழிந்தவர் வாக்கெடுப்புக்கு முந்திய சுற்றில் பிரேரணையை மீளப்பெற அனுமதிப்பது. மீளப்பெறாவிட்டால் தன் பிரேரணைக்கு ஆதரவு கட்டாயம்.

அறிகுறி: சேமித்த ஆட்டத்தை மீளத் திறந்தால் முடிவு மாறுகிறது

ஒரு சனிக்கிழமை மின்சாரம் போனது. வந்தபின் சேமித்த இடத்திலிருந்து தொடர்ந்தோம். முன்பு நிறைவேறிய பிரேரணை இம்முறை தோற்றது. மீண்டும் திறந்தோம், நிறைவேறியது. எழுந்தமான எண்களின் விதையை, அதாவது அவை பிறக்கும் தொடக்க எண்ணை, சேமிக்க மறந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தோம். சேமித்திருந்தோம். ஒரு மணி நேரம் தேடினோம்.

சீட்டுகளை எழுதப்பட்ட வரிசையில் அடுக்கியபோது வெளிச்சமானது. ஒரு முறை முல்லை முதலில் வாக்களித்திருந்தது. மறுமுறை குறிஞ்சி முதலில். பேரரசுகளின் பெயர்களைப் பைத்தனின் கணம் (set) என்ற தரவு வகையில் வைத்திருந்தோம். பைத்தன் 3.3 முதல், எழுத்துச் சரங்களின் உள் எண் ஒவ்வொரு முறை நிரலை ஓட்டும்போதும் மாறும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் கணத்தைச் சுற்றி வரும் வரிசையும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். அது மட்டும் என்றால் தீங்கில்லை. ஆனால் எங்கள் எதிராளிகள் வாக்களிக்குமுன் அதுவரை விழுந்த வாக்குகளைப் பார்த்து, வெல்லும் பக்கம் சற்றுச் சாய்ந்தன. முதலில் யார் வாக்களித்தார் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

இரண்டையும் திருத்துங்கள். பேரரசுகளைப் பட்டியலில், நிலையான வரிசையில் வையுங்கள். எல்லோருடைய வாக்கையும் முதலில் மூடிய பெட்டியில் சேர்த்துவிட்டு, கடைசியில் ஒன்றாகத் திறவுங்கள். திறந்த வாக்கெடுப்புத்தான் வேண்டுமென்றால் வரிசையை விதியாக்கி ஆடுபவருக்குச் சொல்லுங்கள். மறைவான வரிசை அநியாயம்.

அறிகுறி: நிறைவேறத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு ஒருபோதும் கிடைப்பதில்லை

நான்கு இடங்களைப் பாருங்கள். அழிந்துபோன பேரரசு இன்னும் மொத்தத்தில் எண்ணப்படுகிறதா? எங்களிடம் எண்ணப்பட்டது, செத்த முல்லை ஒவ்வொரு சபையிலும் வாக்களிக்காமல் அமர்ந்திருந்தது. அடுத்து, வாக்களிக்காதவர் மொத்தத்தில் சேர்வாரா? எல்லோருடைய வாக்குகளின் மொத்த எடை 90, வாக்களிக்காதோர் 40, ஆதரவு 35, எதிர்ப்பு 15 என்று வையுங்கள். அளிக்கப்பட்ட வாக்கில் ஆதரவு 70 சதவீதம்; நிறைவேறும். மொத்தத்தில் 39 சதவீதம்கூட இல்லை, தோற்கும். எது சரி என்பது உங்கள் முடிவு. ஆனால் எண்ணும் இடத்தில் ஒன்றும் எதிராளி யோசிக்கும் இடத்தில் மற்றதும் இருக்கக் கூடாது. மூன்றாவது, எல்லையை 0.67 என்று எழுதியிருக்கிறீர்களா? 90 இல் 60 என்பது சரியாக மூன்றில் இரண்டு, 0.67 ஐ எட்டாது. வகுக்காமல், ஆதரவை 3 ஆலும் மொத்தத்தை 2 ஆலும் பெருக்கி முழு எண்களாக ஒப்பிடுங்கள். நான்காவது, ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடையிலான நடுப்பகுதி அகலமாக இருந்தால் எல்லோரும் அதற்குள் விழுந்து வாக்களிக்காமல் விடுவார்கள். −10 முதல் +10 வரை எங்களுக்குச் சரியாக இருந்தது.

அறிகுறி: சிறிய பேரரசின் வாக்கால் எதுவும் மாறுவதில்லை

இதில் எதிராளியின் மூளையில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிழை ஒவ்வொரு பேரரசின் வாக்குக்கும் கொடுத்த எடையில் இருக்கலாம். 1958 இல் தொடங்கிய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர் சபையில் ஆறு நாடுகள். பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி ஒவ்வொன்றுக்கும் 4 வாக்கு, பெல்ஜியம், நெதர்லாந்து 2, லக்சம்பேர்க் 1. மொத்தம் 17, நிறைவேற 12 வேண்டும். மற்ற ஐந்தின் வாக்குகளும் இரட்டை எண்கள் என்பதால் அவற்றின் கூட்டுத்தொகை 10 ஆகலாம், 12 ஆகலாம். 11 ஆகவே முடியாது. 10 உடன் லக்சம்பேர்க்கைச் சேர்த்தால் 11; போதாது. 12 இருந்தால் லக்சம்பேர்க் தேவையில்லை. கையில் ஒரு வாக்கு இருந்தும், இந்த எண்ணிக்கை முறையில் எடுத்த ஒரு முடிவைக்கூட அந்த நாட்டால் மாற்ற முடியாதிருந்தது.

இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஒருவன் உடனே மறுபக்கத்தைக் கேட்டான்: "அக்கா, அப்படியென்றால் சின்னவன் பெரியவனுக்குச் சமமாகவும் வரலாமா?" வரலாம். எடைகள் 50, 49, 1; நிறைவேற 51. 50 உம் 49 உம் சேர்ந்தால் வெல்லும். 50 உம் 1 உம் சேர்ந்தாலும் வெல்லும். 49 உம் 1 உம் சேர்ந்தால் 50 தான், தோற்கும். ஆகவே 49 க்கும் 1 க்கும் ஒரே பலம். ஜோன் பான்சாப் என்ற அமெரிக்கச் சட்டத்தரணி 1965 இல் எழுதிய கட்டுரை இந்தப் பலத்தை எண்ணும் முறையை விளக்கியது: சாத்தியமான எல்லாக் கூட்டணிகளையும் எடுத்து, ஒருவர் விலகினால் தோற்கும் கூட்டணிகள் எத்தனை என்று எண்ணுவது. ஐந்து பேரரசுக்கு 32 கூட்டணிகள்தான். ஒவ்வொரு சபைக்கும் முன் இதை ஓட்டி, யாராவது 0 இல் நின்றால் எடையையோ எல்லையையோ மாற்றுகிறோம். வாக்கிருந்தும் பலனில்லாத நிலையில் ஒரு பேரரசை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அறிகுறி: கொஞ்சப் பணத்துக்கு எல்லா வாக்கையும் வாங்கிவிட முடிகிறது

மேலே எண்ணிய பலம் இங்கேதான் கைகொடுக்கும். எங்கள் முதல் விலை எல்லோருக்கும் 100 அலகு. பிள்ளைகள் ஒரே ஆட்டத்தில் சபையை மொத்தமாக வாங்கிவிட்டார்கள். வாக்கின் விலை, அந்த வாக்கை மாற்ற எவ்வளவு தள்ள வேண்டும் என்பதிலிருந்து வர வேண்டும். மொத்தம் −20 இல் நிற்பவரை +10 க்குக் கொண்டுவர 30 புள்ளி வேண்டும். +8 இல் நிற்பவருக்கு 2 போதும். பிறகு அதை அவருடைய வாக்கின் பலத்தால் பெருக்குங்கள்; முடிவை மாற்றக்கூடிய வாக்கு விலை உயர்ந்ததுதான். அல்பா சென்டோரியில் தலைவர்கள் தம் வாக்குக்கு ஆற்றல் அலகுகளோ தொழில்நுட்பமோ கேட்பார்கள். நாங்களும் பணத்தோடு தொழில்நுட்பத்தையும் ஏற்கவைத்தோம். −60 க்குக் கீழே எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்று ஒரு தளமும் வைத்தோம். தன் கோள்களைப் பறிக்கும் பிரேரணைக்குப் பணம் வாங்கி வாக்களிக்கும் பேரரசை யாரும் நம்ப மாட்டார்கள்.

சிறு அறிகுறிகள் சில

வாக்கெடுப்பு பல சுற்று நீடிக்கும்போது எதிராளி ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் மாறி மாறித் தாவினால், மொத்தம் எல்லையருகே ஊசலாடுகிறது. ஒரு முறை ஆதரித்தவர், +10 க்குக் கீழ் இறங்கியதும் மாறாமல் 0 க்குக் கீழ் இறங்கினால் மட்டும் மாறட்டும். தோற்ற பிரேரணையே அடுத்த சபையிலும் வந்தால், நூறு சுற்றுக்கு அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவையுங்கள். அல்லது யாராவது ஒருவரின் மொத்தம் கணிசமாக மாறியபின் மட்டும் மீள வரட்டும். ஸ்டெலாரிஸ் ஆடுபவர்கள் அதன் பிரேரணைக் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். அவை சாதாரண எழுத்துக் கோப்புகள். கணினிப் பேரரசு எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் மூத்தவன் அதைப் படித்துத்தான் குணம் என்ற கூறை எங்கள் விளையாட்டுக்குக் கொண்டுவந்தான்.

அறிகுறி: சீட்டு சரி, வாக்கும் சரி, ஆனாலும் ஆடுபவர் பிழை என்கிறார்

கடைசியாக நாங்கள் முட்டிக்கொண்டது இதில். கணக்கெல்லாம் சரியாக ஓடியது. ஆனால் புதிதாக ஆட வந்த ஒரு சிறுவன், குறிஞ்சி எதிர்த்ததும், "இது சும்மா ஏதோ செய்கிறது" என்று எழுந்துவிட்டான். சீட்டைப் பார்த்தோம்: அச்சம் −31. காரணம் நியாயமானது, அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

சீட்டில் எந்தக் கூறின் பங்களிப்பு வாக்கின் பக்கம் பெரிதோ அதை எடுத்து, ஒரு வாக்கியமாக ஆடுபவருக்குக் காட்டினோம். எண் வேண்டாம். ஒவ்வொரு கூறுக்கும் ஏழெட்டு வாக்கியங்கள் பிள்ளைகளே எழுதினார்கள். அடுத்த சனிக்கிழமை அதே சிறுவன் வந்தான். குறிஞ்சி மீண்டும் எதிர்த்தது. திரையில் ஒரு வரி: "உங்கள் கப்பல்கள் எங்கள் எல்லையில் நிற்கின்றன. இந்த நிலையில் ஆதரிக்க மாட்டோம்." அவன் சற்று நேரம் வாசித்தான். பிறகு வரைபடத்தைத் திறந்து, பன்னிரண்டு கப்பல்களையும் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கினான்.